எலும்பின் மேல் எவ்வளவு சதை?

டைனோசர்களையும் அவற்றோடு வாழ்ந்த மற்ற உயிர்களையும் வரைவது என் தொழில். "யாரும் பார்த்ததில்லை, இஷ்டத்துக்கு வரையலாமே" என்று பலர் சொல்வார்கள். கற்பனைக்கு இடம் உண்டு, ஆனால் அதன் முறை கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் அளவெடுப்பதுதான் வேலை.

ஆய்வுக் கட்டுரையில் உள்ள நீளங்களை வைத்து முதலில் எலும்புக்கூட்டைப் பக்கவாட்டில் வரைவேன். கிடைக்காத எலும்புகளை நெருங்கிய உறவு விலங்கைப் பார்த்து நிரப்பி, அவற்றை மட்டும் சாம்பல் நிறத்தில் விடுவேன். அப்புறம் தசை. பல டைனோசர்களின் தொடை எலும்பில் பின்பக்கமாக ஒரு முகடு துருத்தி நிற்கும். வாலிலிருந்து வரும் பெரிய தசை ஒட்டுகிற இடம் அது. காலைப் பின்னால் இழுத்து உடம்பை முன்னே தள்ளுவது அந்தத் தசைதான். முதலைகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஆகவே வாலின் அடிப்பகுதி பருமனாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒல்லி வாலோடு ஒரு படத்தைப் பார்த்தால், இது எப்படி நடக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

தசைக்கு மேலே போனால்தான் உண்மையான சிக்கல். யானையின் மண்டையோட்டில் தும்பிக்கைக்கு எலும்பு கிடையாது. ஒட்டகத்தின் திமிலுக்குள்ளும் எலும்பு இல்லை. வெறும் எலும்புக்கூடு மட்டும் கையில் கிடைத்திருந்தால் இவற்றை எப்படி வரைந்திருப்போம்? தெரியாததை வரைந்து தவறிவிடுவோமோ என்ற பயத்தில் எலும்பின் மேல் தோலை இறுக்கிப் போர்த்திய மாதிரி வரையும் பழக்கம் எங்கள் துறையில் நெடுநாள் இருந்தது. கன்னக்குழியும் விலாவும் தெரியத் தெரிய வரைந்தால் அறிவியல்பூர்வம் என்று ஒரு நினைப்பு. உயிருள்ள விலங்கு எதுவும் அப்படி இருப்பதில்லை. கொழுப்பு, தொங்கு தோல், முடி, இறகு எல்லாம் சேர்ந்ததுதான் உடம்பு. கொஞ்சம் துணிந்து சதை வைப்பதுதான் நேர்மை என்பது என் கட்சி.

டெய்னோகெய்ரஸ் என்ற டைனோசரின் கதை இதற்குப் பொருத்தம். 1965-ல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் 2.4 மீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள் கிடைத்தன. உடம்பு பெரும்பாலும் கிடைக்கவில்லை. பெரிய நகங்களைப் பார்த்துக் கொடூரமான வேட்டை மிருகமாக அதை வரைந்தவர்கள் உண்டு. 2014-ல் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு வெளியானது. முதுகில் உயர்ந்த முள்ளெலும்புகள், பல்லே இல்லாத அகன்ற அலகு, கனத்த உடம்பு. இப்படி ஒன்றை யாராவது முன்பே வரைந்து கொடுத்திருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் ஏற்றிருக்க மாட்டார்.

நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 2010-ல் சைனோசாரொப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் இறகு போன்ற இழைகளில் நிறமித் துகள்களின் தடயத்தைப் பார்த்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த ஒரு விலங்குக்கு விடை கிடைத்துவிட்டது, சரி. பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. விலங்கு வாழ்ந்த இடம், உடல் பருமன், யாரிடமிருந்து ஒளிய வேண்டும் என்பதையெல்லாம் யோசித்துத்தான் தூரிகையைத் தொடுகிறேன்.

பின்னணிச் செடிகளில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஜுராசிக் காலக் காட்சியில் பச்சைப் புல்வெளி கேட்பார்கள். பெரணியும் பனை போலத் தோன்றும் சைகஸ் வகைகளும் ஊசியிலை மரங்களும்தான் தருவேன். அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக்கு வந்தால் நிலைமை வேறு: மத்திய இந்தியாவில் கிடைத்த சாணப் புதைபடிவங்களுக்குள் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருந்ததை 2005-ல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்துப் படத்தில் அங்கங்கே புல் வைக்கிறேன், மகிழ்ச்சியோடு.

வேலை நடக்கும்போது ஆய்வாளர் அம்புக்குறி போட்டுத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார். உள்ளங்கை தரையைப் பார்க்கக் கூடாது, ஒன்றையொன்று பார்க்க வேண்டும். தோள்பட்டை இன்னும் கீழே. சில நேரம் நானும் எதிர்க்கேள்வி கேட்பேன். இந்த வாக்குவாதங்கள்தான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி. கட்டுரை வெளியாகும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

வாயைப் பிளந்து கர்ஜிக்கும் படம்தான் வேண்டும் என்பவர்கள் இன்னும் நிறைய. அவர்களுக்கு மெய் லாங் புதைபடிவத்தின் புகைப்படத்தை அனுப்புவேன். 2004-ல் விவரிக்கப்பட்ட சீனத்துச் சிறு டைனோசர் அது. கால்களை மடக்கி, தலையைக் கைக்கு அடியில் செருகி, பறவை தூங்குவதுபோலவே சுருண்டு கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு தூங்கும், சொறிந்துகொள்ளும், தண்ணீர் குடிக்கும் டைனோசருக்குச் சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கர்ஜனையே வரைந்து தருகிறேன், வாலை மட்டும் பருமனாக.