கெர்னல் பேனிக் வந்தா டிஸ்க் போச்சுன்னு அர்த்தமில்ல

லினக்ஸ் சர்வர் பாத்துக்குற வேலைக்கு வந்த புதுசு. ராத்திரி தானா அப்டேட் ஆகி ரீபூட் ஆன ஒரு மெஷின் எந்திரிக்கவே இல்ல. கன்சோல்ல கெர்னல் பேனிக் (சிஸ்டத்தோட மையமான கெர்னல் மேற்கொண்டு போக முடியாம அப்படியே நின்னுடறது), ரூட் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது சிஸ்டம் இருக்குற முக்கிய டிஸ்க் பகுதியை, மவுண்ட் பண்ண முடியல, அன்நோன் பிளாக் (0,0)ன்னு நிக்குது. டிஸ்க் செத்துருச்சுன்னு நானே முடிவு பண்ணி பேக்கப்பை ரீஸ்டோர் பண்ண கெளம்பிட்டேன். கூட இருந்த சீனியர் அண்ணன்தான் "இருப்பா, பழைய கெர்னல்ல ஏறுதான்னு பாத்தியா?"ன்னார். எந்த கெர்னல்ல பூட் ஆகணும்னு கேக்குற கிரப் மெனுல முந்தின கெர்னலை எடுத்தோம், லாகின் வந்துருச்சு. டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகல.

அந்த (0,0) சொல்றது வேற. ரூட்டுன்னு ஒரு டிவைஸே கெர்னல் கண்ணுல படலங்குறதுதான் அது. லினக்ஸ் டிஸ்ட்ரோவோட ரெடியா வர்ற கெர்னல்கள்ல ஸ்டோரேஜ் டிரைவர் நெறைய மாட்யூலாத்தான் (வேணும்போது கெர்னல்ல ஏத்துற தனி ஃபைல்) வரும், அந்த மாட்யூல் கெடக்குறது டிஸ்க்ல, டிஸ்க்கைப் படிக்கணும்னா அந்த மாட்யூல் வேணும், சாவியை உள்ள வச்சு வீட்டைப் பூட்டின மாதிரி. அதனாலதான் தேவையான மாட்யூலை எல்லாம் இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு சின்ன மூட்டையா கட்டி கெர்னலோட சேத்து மெமரில ஏத்துறாங்க. எங்க மெஷின்ல புது கெர்னலுக்கு அந்த மூட்டையே இல்ல! கெர்னலும் இந்த மூட்டையும் இருக்குற பூட் பார்ட்டிஷன் 100% ஃபுல், பழைய கெர்னலா சேந்து கெடந்துச்சு. இடமில்லன்னு லாக்ல ஒரு வரி தெளிவா இருந்துச்சு, ஆள் இல்லாம ஓடின அப்டேட்டுங்குறதால யாரும் பாக்கல.

பழசுல ரெண்டை பேக்கேஜ் மேனேஜர் வழியாவே தூக்கிட்டு (ஓடிட்டு இருக்குற கெர்னல்ல கை வைக்கவே கூடாது, ஃபைலை நேரா டெலிட் பண்றதும் தப்பு), இனிட்ராம்எஃப்எஸ் கட்டி, கிரப் அப்டேட் பண்ணி ரீபூட் போட்டேன். ஏறிடுச்சு. ஆனா நெட்வொர்க் கார்டு இல்ல.

அந்த கார்டோட டிரைவர் கெர்னல் சோர்ஸ்ல இல்லாதது, டிகேஎம்எஸ்ங்குற டூல் வழியா ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியா கம்பைல் ஆகணும். கம்பைலுக்கு வேண்டிய புது கெர்னலோட ஹெடர்ஸ் ஃபைல்கள் இல்லாததால அது ஆகவே இல்ல. அவசரத்துல பழைய மாட்யூல் ஃபைலைக் காப்பி பண்ணி இன்ஸ்மாட் கமாண்டால ஏத்தப் பாத்தேன், இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்னு திட்டுச்சு. கெர்னல் லாகைக் காட்டுற டிமெசேஜ்ல பாத்தா வெர்ஷன் மேஜிக் (எந்த கெர்னலுக்குக் கட்டினதுன்னு மாட்யூல்ல இருக்குற குறி) பொருந்தல. மோட்ப்ரோப்ங்குற இன்னொரு கமாண்ட்ல ஃபோர்ஸ் குடுத்து ஏத்துற வழி இருக்கு, நல்லவேளை அண்ணன் தடுத்தார். கெர்னல் உள்ள இருக்குற ஸ்ட்ரக்சரெல்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், பழைய கணக்குல எழுதின மாட்யூல் எங்கயோ மெமரில எழுதிட்டா டேட்டாவே கெட்டுப்போகும். திரும்ப பழைய கெர்னலுக்குப் போய் ஹெடர்ஸை எறக்கி, டிகேஎம்எஸ் பில்ட் முடிச்சு, ரீபூட் பண்ணப்போ விடிஞ்சுருச்சு.

இப்பவும் கெர்னல் அப்டேட் ஆன மெஷினை ரீபூட் பண்றதுக்கு முன்னாடி பூட் பார்ட்டிஷன்ல இடம் இருக்கா, புது வெர்ஷன் பேர்ல இனிட்ராம்எஃப்எஸ் இருக்கா, அதோட சைஸ் பழசுக்குப் பக்கத்துல வருதா, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்ல புது கெர்னல் பேர் தெரியுதான்னு பாத்துட்டுத்தான் கை வைப்பேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.