அப்பாவின் லைஃப் சர்டிபிகேட்

தபால் அலுவலக கவுண்டரில் முப்பத்தைந்து வருடம் மணியார்டர் பணம் எண்ணியவர் என் அப்பா. 76 வயதில் ஏடிஎம் முன்னால் தடுமாறினார். திரையில் வருவதைப் படித்து முடித்து விரலை நீட்டுவதற்குள் நேரம் முடிந்து கார்டு வெளியே வந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். மூன்றாவது முறை இப்படி நடந்ததும் கார்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மறதி வந்துவிட்டது என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

நரம்பியல் மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேட்டார். ஐந்தையும் அப்பா சொன்னார். அப்புறம் ஒரு தாள். 1 முதல் 25 வரை எண்கள் சிதறிக் கிடக்கும், வரிசையாகக் கோடு போட்டு இணைக்கவேண்டும். மருத்துவர் கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு தப்பும் இல்லை, ஆனால் ரொம்ப நேரமாயிற்று. எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும் அடுத்த தாளில் இன்னும் இழுத்தது. “நினைவு நன்றாக இருக்கிறது, வேகம்தான் குறைவு. வயதானால் குறையும்தான், கூடுதலாக எதுவும் சேர்ந்திருக்கிறதா பார்ப்போம்” என்றார்.

வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. அதைவிட எனக்கு உறைத்தது குளோர்பெனிரமின். மூக்கொழுகலுக்காக மாதக்கணக்கில் இரவில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை. பகலிலும் மந்தமாக்கும், வயதானவர்களுக்கு ஆகாது என்றார். மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மருத்துவர் சொன்னபடி அதை நிறுத்தினோம், பி12 ஊசி போட்டோம். முன்னைக்குத் தேவலை, பழைய வேகம் வரவில்லை.

நவம்பர் வந்தது. பென்ஷன் நிற்காமல் வர, உயிரோடு இருப்பதற்கு வருடாவருடம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவேண்டிய மாதம். 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரரே வீட்டுக்கு வந்து லைஃப் சர்டிபிகேட் எடுத்துத் தருவார். “என் டிபார்ட்மென்ட் பையன்கிட்டயே நான் உயிரோட இருக்கேன்னு காட்டணுமா? ஃபோனைக் குடு.”

அந்தச் சர்டிபிகேட்டை ஃபோனிலேயே எடுக்கும் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டவேண்டும். அப்பா அதைப் படித்துச் சிமிட்டுவதற்குள் அது மூடிக்கொண்டது. நான் வாயைத் திறந்தேன். “நீ பேசினா அதையும் கேக்கணும், இதையும் பாக்கணும். சும்மா இருடா.”

சரி என்று டிவியை அணைத்தேன், நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டேன், தள்ளி உட்கார்ந்தேன். நான்காவது முறை அது கேட்கும் முன்பே சிமிட்ட ஆரம்பித்து, நிறுத்தாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தார். சர்டிபிகேட்டின் பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்தது. ஒவ்வொரு இலக்கமாக டைரியில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்தார்.

அப்புறம் ஏடிஎம் கார்டு எங்கே என்று கேட்டார்.