அலங்காரத்தம்மாளை விடுங்க, தண்டபாணிகிட்ட வாங்க

ஒருவழியா ‘அம்மா வந்தாள்’ படிச்சு முடிச்சாச்சு. தி. ஜானகிராமனோட நாவல், 1966. அம்மாவைப் போய் இப்படி எழுதலாமான்னு ஒரு கோஷ்டி, என்ன துணிச்சல்யான்னு இன்னொரு கோஷ்டி, ரெண்டையும் கேட்டுக் கேட்டே படிச்சுட்ட மாதிரி ஒரு நெனப்பு இருந்துச்சு, அதனாலயே தள்ளிப் போயிட்டு இருந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. சின்ன வயசுலேயே வேதம் படிக்க காவேரிக் கரைக்கு அனுப்பப்பட்ட அப்பு படிப்பு முடிஞ்சு மெட்ராஸ் கிளம்புற நேரம், பாடசாலை நடத்துற பவானியம்மாள் வீட்டுல வளர்ந்த இளம் விதவை இந்து அவன்மேல உயிரையே வச்சிருக்கா, இவன் நீ எனக்கு அம்மா மாதிரின்னு ஒதுங்கப் பார்க்க, அந்த ஆத்திரத்துல அவ உங்கம்மா யோக்கியதை தெரியுமான்னு போட்டு உடைச்சிடுறா. வீட்டுக்குப் போனா அம்மாவோட உறவு வச்சிருக்கற சிவசு வர்றார், போறார், கடைசிப் பிள்ளைங்க யார் பிள்ளைங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் திறக்கறதில்ல.

சண்டை பூரா அப்புவோட அம்மா அலங்காரத்தம்மாளைப் பத்திதான். அந்தம்மா ஏன் அப்படிப் பண்ணினாங்கங்கறதுக்கு ஜானகிராமன் காரணமே குடுக்கல பாருங்க, அதான் ஜனங்களுக்குப் பொறுக்கல. வறுமை, குடிகாரப் புருஷன்னு ஏதாச்சும் ஒண்ணு இருந்திருந்தா ஐயோ பாவம்னு மன்னிச்சு விட்டிருப்போம்.

ஆனா எனக்கு மண்டையில ஏறி உக்காந்தது அவங்க புருஷன் தண்டபாணிதான். பத்திரிகையில ப்ரூஃப் பார்க்கறவர், பெரிய மனுஷங்களுக்கு வேதாந்தம் சொல்லிக் குடுக்கறவர், எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காதவர். படிச்சவங்க நிறைய பேர் பாவம் மனுஷன்னு சொல்வாங்க, நானும் பாதி வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன், போகப் போக கோவம்தான் வந்துச்சு. திட்டல, அடிக்கல, விரட்டல, சரி, ஆனா மன்னிக்கவும் இல்லையே. பாவம் மொத்தத்தையும் அந்தம்மா தலையிலயே விட்டுட்டு இவர் சுத்தமா இருந்துக்கறார். அதை எங்க இறக்கி வைக்கறதுன்னு தெரியாமத்தான் அவங்க ஒரு பையனை வேதம் படிக்க அனுப்புறாங்க, இவன் ரிஷி மாதிரி வந்தா நம்ம கணக்கு தீரும்னு. சின்னப் பையன் மேல எவ்ளோ பெரிய மூட்டை!

கடைசில அப்பு இந்துவோட காவேரிக் கரையிலயே இருந்துடுறான், பார்க்க வந்த அம்மா இவனும் நம்ம பிள்ளையாத்தான் இருக்கான்னு புரிஞ்சுகிட்டு காசிக்குக் கிளம்பிடுறாங்க. எனக்கு இந்த முடிவு இன்னும் செரிக்கல. கட்டுப்பாட்டை மீறினது ரெண்டு பேரும், பையனுக்கு மனசுக்குப் பிடிச்சவளோட வாழ்க்கை, அம்மாவுக்கு மட்டும் காசியா? தண்டபாணி எங்கயும் போகல, கவனிச்சீங்களா. ஜானகிராமன் தெரிஞ்சேதான் இப்படி விட்டிருக்கார்னு எனக்குத் தோணுது, நம்மளக் கோவப்பட வைக்கணும்னே.

ஒரு குறை சொல்லியே ஆகணும். அலங்காரத்தம்மாளோட அழகையும் கம்பீரத்தையும் அவ்ளோ ரசிச்சு எழுதறார், ஆனா அவங்க மனசுக்குள்ள நம்மள விடவே மாட்டேங்கறார், வாசப்படியிலயே நிறுத்திடுறார். இந்து பேசற இடங்கள்லயாவது ஒரு பொண்ணு தன் ஆசையைத் தானே சொல்றது கேக்குது, அதுவும் கூசாம. நடையைப் பத்தி சொல்ல வேண்டியதே இல்ல, காவேரித் தண்ணி சத்தம் பக்கத்துக்குப் பக்கம் கேக்கும்.

அடுத்து ஜானகிராமனோட ‘மரப்பசு’ நாவலை எடுத்து வச்சிருக்கேன், அதுக்கும் இதே மாதிரி ரெண்டு கோஷ்டி இருக்கு, இந்தத் தடவை யார் பேச்சையும் கேக்காம நேரா உள்ள போயிடலாம்னு இருக்கேன்.