ரைட், போலாம்

இன்று காலை ஏழு பத்துக்கு எங்கள் தெருவில் இரண்டு விசில் சத்தம். ஏழு பதினொன்றுக்கு அபார்ட்மென்ட் செக்ரட்டரியிடமிருந்து போன். "மேடம், உங்க அப்பா..." என்று ஆரம்பித்தவரை நான் முடிக்கவிடவில்லை. தெரியும். சின்னவனின் ஸ்கூல் வேனுக்கு அப்பா ரைட் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து இதுதான் நடக்கிறது. வேன் டிரைவருக்கு ஆட்சேபணை இல்லை, பிள்ளைகளுக்குக் குஷி. செகண்ட் ஃப்ளோர் மாமிக்குத்தான் தூக்கம் கெடுகிறதாம். மாமி வீட்டு மிக்ஸி ஐந்தரைக்கே ஓடுவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடையால் வந்த வினை.

டாக்டர் என் வீட்டுக்காரரைத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். மடிப்பாக்கத்தில் எங்கே நடப்பது? தோண்டாத தெருவைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே இவர் ஒரு மாதம் நடக்கவே இல்லை. பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல், மொத்தமாகச் சேர்த்து நடந்துவிடலாம் என்று எதையோ புக் செய்துவிட்டு வந்து போனைக் காட்டினார். 'அடர்ந்த வனம் சூழ்ந்த எழில்மிகு கடற்கரையில் வழிகாட்டியுடன் குழு நடை.' வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து மாமல்லபுரம் வரை 14 கிலோமீட்டர். தலைக்கு 1,400 ரூபாய். கிலோமீட்டருக்கு நூறு. நடந்து போவதற்கு! ஆட்டோக்காரர்கூட இவ்வளவு கேட்கமாட்டார் என்று எழுத வந்தேன். கேட்பார்.

மூன்று பேருக்குப் பணம் கட்டியாயிற்று. சனிக்கிழமை இரவு சின்னவனுக்குத் திடீரென்று வயிற்றுவலி. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்றால் எனக்கும் வந்திருக்கும். "கட்டின காசு வீணாப் போகக்கூடாது" என்று அப்பா கிளம்பிவிட்டார். வயது எழுபத்து மூன்று. காலில் பாரகான் செருப்பு, தோளில் மஞ்சள் பை. நானும் இவரும் ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் ஷூவில்.

ஐந்தே முக்காலுக்கு இருட்டில் நின்றோம். கைடு தம்பி போட்டிருந்த பேன்ட்டில் பதினோரு பாக்கெட். நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை. முதல் உத்தரவே, செல்போனைப் பைக்குள் போடுங்கள், அலைச் சத்தத்தைக் கேளுங்கள் என்பதுதான். இவருக்குப் பை கிடையாது, என்னிடம் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தம்பி அப்பாவைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடுதான், "சார், நீங்கதான் இன்னிக்கு ஸ்வீப்பர்" என்றது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார். "36 வருஷ சர்வீஸ். பல்லவன்ல சேர்ந்து எம்டிசில ரிட்டையர் ஆனவன். என்னைப் பார்த்து ஸ்வீப்பர்ங்கறான். வா, வீட்டுக்குப் போலாம்."

நடைக் குழுவில் கடைசியாக வருகிற ஆளுக்கு அப்படித்தான் பெயராம். யாரும் பின்தங்கிவிடாமல், வழி தவறிவிடாமல், எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் வருபவர். தம்பி விளக்கி முடிப்பதற்குள் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"அதை கண்டக்டர்னு சொல்லேன்ப்பா."

சொல்லிக்கொண்டே வேட்டி மடிப்பிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் விசில். 29சி பஸ்ஸில் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பாதி ஆயுளைக் கழித்த விசில். பித்தளை தேய்ந்து, கடிக்கும் இடத்தில் பல் பதிந்து ஒரு பள்ளமே இருக்கும். ரிட்டையர் ஆகிப் பதினைந்து வருஷமாக அது ஊதப்பட்டதே இல்லை, சாவி தொலையாமல் இருக்கத்தான் தொங்கியது. "மொத்தம் எத்தனை டிக்கெட்?" என்று கேட்டார். தம்பிக்குப் புரியவில்லை. "22 பேர் சார், என்னைத் தவிர." அப்பா எண்ணினார். "21."

தம்பி எண்ணியது. 22. அப்பா மறுபடியும் எண்ணினார். 21.

ஆற்றைக் கடந்துவிட்டுத் தன்னை எண்ண மறந்து அழுத சீடர்கள் கதை நமக்கெல்லாம் தெரியும். அப்பா மறக்கவில்லை. கொள்கையாகவே தன்னை எண்ணுவதில்லை. "கண்டக்டர் எப்படிப்பா டிக்கெட் ஆவான்?" என்றார். இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. இரண்டு விசில் கிளம்பியது. கிளம்பினோம்.

இந்த இடத்தில் 'அடர்ந்த வனம்' பற்றிச் சொல்லிவிட வேண்டும். சவுக்குத் தோப்பு. அவ்வளவுதான். அழகில்லை என்று சொல்லமாட்டேன். காற்று அடித்தால் அதற்குள்ளும் ஒரு கடல் இரைகிறது, கண்ணை மூடினால் எது எந்தப் பக்கம் என்று தெரியாது. சவுக்கு நம்மூர் மரமே இல்லை, ஆஸ்திரேலியாப் பக்கத்தது, வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று இந்தக் கரையில் நட்டுப் பெருக்கினார்கள், சுனாமிக்குப் பிறகு அலையைத் தடுக்க இன்னும் நட்டார்கள் என்று தம்பி சொன்னது. அப்பா பின்னாலிருந்து, "நாலஞ்சு வருஷத்துல சாரம் கட்டப் போயிடும். பந்தக்கால் எல்லாம் ஒரு காடா?" என்றார். விளம்பரத்தில் அப்படிப் போட்டால் யார் 1,400 கொடுப்பார்கள்?

மணலில் நடப்பது பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. ஈர மணலில் நடந்தால் அலை வந்து மூவாயிரம் ரூபாயை நனைக்கும். காய்ந்த மணலில் ஓரடி வைத்தால் முக்காலடி பின்னால் இழுக்கும். தோப்புக்குள் போனால் சவுக்குக் காய், முள் உருண்டை மாதிரி. அப்பா செருப்பைக் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டுவிட்டு, பிளாட்ஃபாரத்தில் நடப்பதுபோல வந்துகொண்டிருந்தார். வந்தால் பரவாயில்லை. "முன்னால போங்க, முன்னாலதான் காலியா இருக்கே!" என்றும் சொல்லிக்கொண்டே வந்தார். பதினான்கு கிலோமீட்டருக்கு வெறும் மணல், ஒருபக்கம் வங்காள விரிகுடா. அதில், "உள்ள போ, உள்ள எடமிருக்கு!"

ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள். குழுவில் இருந்த ஐடி பிள்ளைகள் தம்பி கத்தியபோதெல்லாம் காதில் வாங்கவில்லை, ஒரு விசிலுக்கு பிரேக் போட்ட மாதிரி நின்றார்கள். ஒருவன் அனிச்சையாக மேலே கையைத் தூக்கிக் கம்பியைத் தேடியதை என் கண்ணால் பார்த்தேன். சென்னையில் வளர்ந்த உடம்பு.

தம்பியையும் குறை சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்த பிள்ளை. அடும்பங்கொடியைக் காட்டி, இலை ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருப்பதைப் பாருங்கள், சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் இந்தப் பூவைத்தான் சூடினார்கள் என்றது. நாங்கள் மிதித்துக்கொண்டு நின்றோம். ராவணன் மீசையைக் காட்டியது. பெயர்தான் மீசை, புல்லின் ஒவ்வொரு நுனியும் ஊசி. விதைப் பந்து காற்றில் உருண்டு போவது வேடிக்கையாக இருந்தது. எங்கே உட்காரக்கூடாது என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோதே இவர் உட்கார்ந்தார். அதற்குமேல் நான் விவரிக்கப்போவதில்லை.

அப்புறம் ஆமைத் தடம். ஈரக் கரையிலிருந்து மேட்டுக்கு, சின்ன டிராக்டர் ஏறி இறங்கின மாதிரி. ராத்திரி வந்திருக்கிறது. பங்குனி ஆமை, ஒரு தடவைக்கு நூறு முட்டைக்குமேல் போடும், குஞ்சு வர 45 நாளிலிருந்து 60 நாள் ஆகும் என்றது தம்பி.

"போட்டுட்டு?" என்றார் அப்பா.

"மூடிட்டுக் கடலுக்குப் போயிடும் சார். திரும்பிப் பார்க்காது."

அப்பா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு விசில் கொடுக்க வேண்டிய ஆள் கொடுக்கவில்லை. நாங்களாகத்தான் கிளம்பினோம்.

அம்மாவின் நிரந்தரக் குறை ஒன்று உண்டு. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அப்பா பத்தடி முன்னால் போவார், அம்மா கட்டைப்பையோடு பின்னால் ஓடுவாள். "பஸ்ஸுல ஊர்க்காரனெல்லாம் ஏறினானான்னு பார்ப்பார், பொண்டாட்டி வந்தாளான்னு பார்க்கமாட்டார்." அன்றைக்கு நான் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். எல்லோருக்கும் கடைசியில் அவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். இருபது இருபத்தைந்து அடிக்கு ஒருதரம் நின்று, திரும்பி, பின்னால் பார்த்துவிட்டு நடந்தார். பின்னால் யாருமில்லை. மணலும் அவருடைய கால் தடமும்தான்.

சரி, இவர் காணாமல் போன கதைக்கு வருகிறேன்.

நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை தெரிகிற இடத்தில் பதினைந்து நிமிட ஓய்வு. 2013-இல் திறந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர், தென்சென்னைக்குத்தான் போகிறது என்று தம்பி சொன்னதும் நான் உருகிவிட்டேன். எங்கள் சம்ப்புக்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டிப் பார்க்கும் தண்ணீரின் பிறந்த வீடு! உள்ளே போய், கொஞ்சம் சீக்கிரம் அனுப்பி வையுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பா, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, மீன்கூடைக்கு லக்கேஜ் போடுவது நியாயமா என்ற ஐம்பது வருஷ வழக்கை நடத்திக்கொண்டிருந்தார். நேரமாகிறதே என்று தம்பியே தலையை எண்ணியது. அப்பாவையும் சேர்த்து 21. அப்பாவிடமும் கேட்டுவிடுவோம் என்று, "சார், 21தானே?" என்று குரல் கொடுத்தது.

"21தான். ரைட்!"

கணக்கு சரியாக இருந்தது. ஆள்தான் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து கிலோமீட்டர். நான் கவனிக்கவில்லையா என்று என் நாத்தனார் இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டாள். இவர் முன்னால் போகிறார் என்று நினைத்தேன். இருபது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாளுவன்குப்பம். சுனாமி மண்ணை அரித்ததில் வெளியே தெரிந்த கல்வெட்டை வைத்துத் தோண்டி, 2005-இல் கண்டெடுத்த முருகன் கோயில். பல்லவர் காலத்துக் கல் கட்டுமானம், அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல். வாசலில் ஒரு கல் வேல். பழைய அலையோ என்னவோ மூடியதை இந்த அலை திறந்திருக்கிறது என்று தம்பி அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு நீண்ட விசில்.

"20," என்றார் அப்பா. "ஒரு டிக்கெட் குறையுது."

தம்பி எண்ணியது. 21. "சரியாத்தானே சார் இருக்கு?" அப்பா மிகவும் மெதுவாக, புது கண்டக்டருக்குப் பாடம் எடுக்கிற குரலில், "தம்பி, நான் டிக்கெட் இல்லை" என்றார். தம்பியின் பதினோரு பாக்கெட்டும் வியர்த்தது. நான் இவருக்கு போன் போட்டேன். என் முதுகிலேயே மணி அடித்தது.

ஐடி பிள்ளைகள் தோப்புக்குள் ஓடினார்கள். ஒரு பெண் கடலைப் பார்த்து "அங்கிள்!" என்று கூப்பிட்டது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பாவின் கை நடுங்கியதை அப்போதுதான் பார்த்தேன். விசிலை ஊதிக்கொண்டே, வந்த வழியில் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார், வேகமாக, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. நான் பின்னால் ஓடினேன்.

அந்தப் பக்கம், புலிக்குகைப் புல்வெளியிலிருந்து இவர் வந்தார். கையில் பேப்பர் கப். "என்ன விசில் சத்தம்? டீ நல்லா இருக்கு, யாருக்காவது வேணுமா?"

விஷயம் இதுதான். ராவணன் மீசையின் விளைவாக இவரால் நடக்க முடியவில்லை. நெம்மேலியில் ஓய்வு விட்டதும் மெல்ல ஊருக்குள் போய், ஈசிஆரைப் பிடித்து, பஸ் ஏறி, புலிக்குகை ஸ்டாப்பில் இறங்கி, ஒரு மணி நேரமாக யாளித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பஸ்ஸிலும் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் வந்தாராம். அதை ஒரு தியாகம்போலச் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையை நீட்டினார்.

"டிக்கெட்."

இவர் சட்டைப் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, ஏறின இடம், இறங்கின இடம், நேரம் எல்லாம் படித்தார். மிஷினில் வருகிற வழவழப்புத் தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நம்ம டிக்கெட் மாதிரி இல்ல மாப்பிள்ளை, இது வெயில்ல வெளுத்துடும்" என்று சொல்லி, நீளவாக்கில் மடித்து, இரண்டு விரலுக்கு நடுவே செருகிக்கொண்டார். திட்டவில்லை. அந்தத் திட்டுக்காக நான் ஐந்து கிலோமீட்டர் நடந்த களைப்பையும் மறந்து காத்திருந்தேன், கிடைக்கவில்லை.

மீதித் தூரத்தை யாரும் நடக்கவில்லை. தம்பிக்கே தெம்பு இல்லை. வேனை அங்கேயே வரச் சொல்லிவிட்டது. பணம் திரும்பி வருமா என்று இவர் கேட்டார், நான் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். இவர் மட்டும் நின்றுகொண்டார். அப்பா ஏறவில்லை. படிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தலையாக விரலை ஆட்டி எண்ணினார். 21. தோப்பின் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, விசிலை வாயில் வைத்தார்.

டிரைவர் அன்றைக்கு முன்பு அப்பாவைப் பார்த்ததில்லை. அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு விசில் விழுந்ததும் கை தானாகக் கியருக்குப் போனது.