கிள்ளிக் கொடுத்த வெளிச்சம்

ஜப்பானுக்குப் போகிறேன் என்றதும் பாதிப் பேர் டோக்கியோவில் இருக்கும் டிஜிட்டல் ஒளிக்காட்சிகளுக்கு டிக்கெட் போடச் சொன்னார்கள். சுவர், தரை, கூரை என்று எங்கு பார்த்தாலும் புரொஜெக்டர் பூ பூக்க வைக்கும் இடங்கள். போனேன், அழகாகத்தான் இருந்தது, படமும் நன்றாக வந்தது, ஆனால் வெளியே வந்து அரை மணி நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே மனதில் கலங்கிவிட்டது. அதற்கு நேரெதிரான ஒன்று வேண்டுமென்றால் மேற்கே ஒக்கயாமா பக்கம் போய், செட்டோ உள்நாட்டுக் கடலில் கிடக்கும் நவோஷிமா, டெஷிமா, இனுஜிமா என்ற மூன்று தீவுகளைப் பார்க்க வேண்டும். இங்கே வெளிச்சத்தை யாரும் அள்ளிக் கொட்டுவதில்லை, கிள்ளித்தான் கொடுக்கிறார்கள். கலையாகக் கண்ணில் படுவதும் கருகிய பலகை, தாமிர ஆலைக் கசடு, கடலில் மிதந்து வந்த குப்பை இந்த மாதிரி சமாச்சாரங்கள்தான்.

குப்பை என்று சும்மா சொல்லவில்லை. படகு ஏறும் உனோ துறைமுகத்திலேயே ஒரு பெரிய மீன் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் செதிலெல்லாம் வைத்த நல்ல வண்ண மீன், கிட்டே போனால் செதில் என்று நினைத்ததெல்லாம் வாளியும் குழாயும் டப்பாவும். யோடோகாவா டெக்னிக் என்ற கலைக்குழு 2010இல் இந்தக் கடல் பக்கம் பொறுக்கிய கழிவை வைத்தே செய்தது. ஒசாகாவின் யோடோ ஆற்றங்கரைக் குப்பையில் வேலையைத் தொடங்கியவர்கள், அதனால்தான் குழுவுக்கே அந்தப் பெயர். பிளாஸ்டிக் ஒழிப்போம் என்று பலகை ஏதும் மாட்டாமல் வெறும் மீனாக நிறுத்தி வைத்ததே எனக்குப் பிடித்தது.

அங்கிருந்து இருபது நிமிடப் படகில் நவோஷிமா. கலைத்தீவு என்று இன்று கொண்டாடுகிறார்களே, அதன் வடக்குப் பக்கத்தில் 1917இலிருந்தே தாமிர உருக்காலை இருக்கிறது. மீன்பிடியும் ஆலையும்தான் பிழைப்பாக இருந்த ஊர். 1992இல் கட்டடக்கலைஞர் டடாவோ ஆண்டோ வடிவமைத்த பெனெஸ்ஸே ஹவுஸ் என்ற அருங்காட்சியகமும் விடுதியும் வந்த பிறகுதான் கதை மாறியது. எல்லோரும் வரிசையில் நின்று படமெடுக்கும், கலைஞர் யாயோய் குசாமா செய்த மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பம் 1994இல் வந்தது, 2021 ஆகஸ்டில் புயல் அதைக் கடலுக்குள் இழுத்துப் போட்டது, 2022 அக்டோபரில் புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். சரி, அது முடிந்தது, அடுத்ததுக்குப் போவோம்.

ஹொன்முரா என்ற பழைய கிராமத்துக்குள் நடந்தால் வீடுகளின் வெளிச்சுவரெல்லாம் கறுப்பாக இருக்கும். பெயின்ட் இல்லை, சீடர் பலகையின் மேற்பரப்பைத் தீயில் கருக வைத்து அப்படியே சுவரில் அடித்துவிடுகிறார்கள். மேலே கரி படிந்திருப்பதால் மழைக்கும் பூச்சிக்கும் தாக்குப் பிடிக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தால் நுனியில் லேசாகக் கறை ஒட்டும், பலகை முழுக்க முதலைத் தோல் மாதிரி வெடிப்பு. அந்தக் கிராமத்தில் கோயில் இருந்த இடத்தில் அதே கருகிய பலகையை வைத்து ஆண்டோ ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் கட்டினார். மினாமிதேரா என்று பெயர். உள்ளே இருப்பது, ஒளியை வைத்தே வேலை செய்யும் அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1999இல் செய்த வேலை. இந்தப் பயணத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட மேலே நிற்பது இதுதான்.

நேரம் குறித்த டிக்கெட் வாங்கிக் கொஞ்சம் பேராக உள்ளே போக வேண்டும். ஃபோன், கைக்கடிகாரம் என்று ஒளிரக்கூடிய எதுவும் கூடாது. வலது கையோ இடது கையோ, அவர்கள் சொல்லும் கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே நடந்து, திரும்பி, மறுபடி திரும்பி, ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். இருட்டு என்றால் சாதாரண இருட்டு இல்லை, கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று இமையைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்த நண்பன், "டேய், ஒண்ணுமே தெரியலடா, காசு வேஸ்ட்டா" என்று காதில் முணுமுணுத்தான். எவ்வளவு நேரம் போனது என்று சொல்ல முடியாது, எதிரே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, புகையா பிரமையா என்று தெரியாத அளவில் வந்தது. அதை நேராகப் பார்த்தால் காணாமல் போகும், பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் திரும்பி வரும். அப்புறம் அதற்கு ஓரங்கள் முளைத்து ஒரு பெரிய செவ்வகம் ஆனது. கடைசியில் எழுந்து அதை நோக்கி நடக்கச் சொன்னார்கள், கையை நீட்டினால் அங்கே சுவர் இல்லை, மங்கலான ஒளி நிறைந்த வெற்றிடம்.

விஷயம் என்னவென்றால், அந்த வெளிச்சத்தை யாரும் நடுவில் ஏற்றவில்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோதே அதே அளவில் அது அங்கே இருந்தது. நம் கண்ணில் பகல் வெளிச்சத்துக்குக் கூம்புச் செல்கள், மங்கலுக்குக் குச்சிச் செல்கள் என்று இரண்டு வகை உண்டு. குச்சிச் செல்களில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி பிரகாசத்தில் சிதைந்துபோய், இருட்டில் மெல்ல மெல்லத் திரும்பச் சேர்கிறது. அது முழுதாகச் சேர அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், ஆனால் பத்து நிமிடத்திலேயே கண் ஓரளவு தேறிவிடும். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிச் செல்களே கிடையாது என்பதால்தான் நேராகப் பார்த்தபோது அது மறைந்தது. மங்கலான நட்சத்திரத்தை ஓரக்கண்ணால் பார்க்கச் சொல்வார்களே, அதே கணக்கு. டரெல் கல்லூரியில் படித்தது புலனுணர்வு உளவியல், விமானமும் ஓட்டுவார். அவர் இங்கே செலவழித்தது துளி வெளிச்சம், மீதி வேலையை நம் தலைக்குள் இருக்கும் ரசாயனத்திடம் விட்டுவிட்டார். கருகிய பலகை, இருட்டு, பார்ப்பவரின் ரோடாப்சின், இவ்வளவுதான் மூலப்பொருள்.

வெளியே வந்ததும் நண்பன் காசு பற்றிப் பேசவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே கிராமத்தில் இன்னும் இரண்டு. கடோயா என்ற பழைய வீட்டில், இருட்டான அறையில் தண்ணீர் தேக்கி அதற்குள் 125 எல்.இ.டி. எண்களை மூழ்க விட்டிருக்கிறார் டட்சுவோ மியாஜிமா. 1998இல் செய்தது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஓடும், பூஜ்ஜியம் வரவேண்டிய இடத்தில் அணைந்துவிடும். ஒவ்வொரு எண்ணும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் தீவுக்காரர்களே, 5 வயதுக் குழந்தையிலிருந்து 95 வயது வரை 125 பேர். ஒரு எண் படபடவென்று ஓடுகிறது, பக்கத்தில் ஒன்று நகர்கிறதா என்றே சந்தேகம். எது யாருடையது என்று எழுதி வைக்கவில்லை, பார்ப்பவர்கள் எல்லோரும் ரொம்ப மெதுவானதைக் கண்டுபிடித்து அதையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்னொன்று மேட்டின் மேலே இருக்கும் கோவோ என்ற, ஜப்பானின் ஷிண்டோ மத வழிபாட்டிடம். புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 2002இல் வடிவமைத்தது. சன்னதியிலிருந்து இறங்கும் படிகள் கல் இல்லை, லென்ஸ் செய்யும் ஆப்டிகல் கண்ணாடிக் கட்டிகள். அவை தரையைத் துளைத்துக்கொண்டு கீழே கல்லால் ஆன ஒரு அறைக்குள் இறங்குகின்றன. மேலே விழும் வெயில் அந்தக் கண்ணாடி வழியாகவே பூமிக்கடியில் போகிறது. கீழ் அறைக்குப் போக, சரிவில் பக்கவாட்டில் ஒரு ஒடுக்கமான கான்கிரீட் வழி, டார்ச் கொடுப்பார்கள், கொஞ்சம் உடம்பு வாகானவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். இருட்டில் கண்ணாடிப் படியின் அடிப்பாகம் மட்டும் நீலப்பச்சையில் தெரிகிறது, மின்சாரம் ஒரு துளி இல்லை. திரும்பி வரும்போது வழியின் முனையில் கடலும் வானமும் பாதிப் பாதியாக, கச்சிதமாகச் சட்டம் போட்டது போல. கடலின் தொடுவானத்தை உலகம் முழுக்கப் படமெடுத்தவர் இந்தச் சட்டத்தைத் தற்செயலாக வைத்திருக்க மாட்டார்.

நவோஷிமாவிலேயே இருக்கும் சிச்சு அருங்காட்சியகம் பற்றி எல்லோரும் எழுதுவதால் சுருக்கமாக. 2004இல் ஆண்டோ குன்றுக்குள் புதைத்துக் கட்டியது, வெளியிலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது, மேலே வடிவியல் ஓட்டைகள் மட்டும். கிளாட் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் ஐந்தையும் இயற்கை வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க வேண்டும், மேகம் கடந்தால் ஓவியமும் மங்கும். செருப்பு மாற்றிக்கொண்டு நடக்கும் அந்த அறையின் தரை முழுக்க இரண்டு சென்டிமீட்டர் பளிங்குக் கட்டிகள், சுமார் 7 லட்சம். உண்மையைச் சொன்னால் ஓவியத்தைவிடத் தரையை அதிகம் பார்த்தேன். அங்கேயே இருக்கும், சிற்பி வால்டர் டி மரியாவின் 2.2 மீட்டர் கருங்கல் உருண்டை பிரமாண்டம்தான், ஆனால் தங்க முலாம் பூசிய மரத்தூண்கள் சூழ, படிக்கட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் அது என்னை மிரட்டியதே தவிர உள்ளே இழுக்கவில்லை.

டெஷிமாவுக்கு வேறு படகு. இந்தத் தீவின் பெயரைப் பல வருடங்கள் ஜப்பானியர்கள் குப்பையோடு சேர்த்தே கேள்விப்பட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள், தீவு மக்கள் நீண்ட காலம் போராடினார்கள், 2000இல் சமரசம் வந்தது, 9 லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவைத் தோண்டி எடுத்து நவோஷிமாவுக்கு அனுப்பிச் சுத்திகரித்து முடிக்க 2017 ஆகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு டெஷிமா அருங்காட்சியகத்துக்குள் போனால் அங்கே ஏன் தண்ணீர் மட்டுமே இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னொரு எடை வருகிறது. கலைஞர் அப்படி நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது.

கட்டடக்கலைஞர் ரியூவே நிஷிசாவா, கலைஞர் ரெய் நைட்டோ, 2010. நாற்பதுக்கு அறுபது மீட்டர் கான்கிரீட் ஓடு, தடிமன் 25 சென்டிமீட்டர்தான், உள்ளே ஒரு தூண் கிடையாது. இதை எப்படிக் கட்டினார்கள் என்பதே எனக்குப் பெரிய அதிசயம்: மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, காய்ந்த பிறகு உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மேலே இரண்டு பெரிய ஓட்டைகள், கண்ணாடி இல்லை, மழை வந்தால் உள்ளேதான் பெய்யும். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் காலியான வெள்ளைத் தரை மட்டும், பேசக்கூடாது. குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. தரையில் ஊசிமுனை மாதிரித் துளைகள், அதிலிருந்து தண்ணீர் முத்து முத்தாகக் கசிகிறது. தரை தண்ணீரை உறிஞ்சாது, அதனால் ஒவ்வொரு துளியும் குண்டாக நின்று யோசித்து, காற்று தள்ளியதும் நகர்ந்து, இன்னொரு துளியோடு ஒட்டி, எடை கூடியதும் சட்டென்று பாம்பு மாதிரி ஓடி ஒரு குட்டையில் கலக்கிறது. ஓட்டையிலிருந்து விழும் வெயில் மெதுவாக நகர்ந்து வந்து ஒரு துளியைத் தொட்டால் அது கண்ணைக் கூசும் விளக்கு, வெயில் தாண்டிப் போனால் மறுபடி தண்ணீர். ஒரு பாட்டி குப்புறப் படுத்து ஒரே துளியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார், அவரைப் பார்த்து நாலைந்து பேர் படுத்துவிட்டோம்.

அதே தீவில் மூங்கில் தோப்புக்குள் ஒரு குளம், நடுவில் மரிகோ மோரி நிறுத்திய வெள்ளைக் கண்ணாடிக் கல். கிஃபு மாகாணத்தில் பூமிக்கடியில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருக்கும் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகத்தோடு இணைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் வெடித்தால் சிதறும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களையும் 50 ஆயிரம் டன் தண்ணீரில் பிடிக்கும் இடம் அது, அங்கிருந்து வரும் தகவலுக்கு ஏற்ப இந்தக் கல் ஒளிரும் என்பது ஏற்பாடு. ஐடியா அபாரம். நான் கொசுக்கடியில் நின்ற நேரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, எங்கோ நட்சத்திரம் வெடித்தால்தான் விசேஷம் என்றால் யார் என்ன செய்ய முடியும். விளக்கப் பலகையைப் படிக்காமல் இதை யாராலும் உணர முடியாது என்பதுதான் என் குறை. மினாமிதேராவுக்கு எந்தப் பலகையும் தேவைப்படவில்லை.

இனுஜிமா மூன்றிலும் சின்னது, சில டஜன் பேர்தான் வாழ்கிறார்கள். 1909இல் வந்த தாமிர ஆலை பத்தே வருடத்தில், 1919இல் மூடிவிட்டது. புகைபோக்கிகளும் கருஞ்செங்கல் சுவர்களும் அப்படியே நின்றன. அந்தச் செங்கல் ஆலைக் கசடை அச்சில் வார்த்தது. கறுப்பு, கனம், வெயிலில் கைவைத்தால் சுடும், பார்க்கக் கண்ணாடி மினுக்கு. கட்டடக்கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சி 2008இல் இதைக் கலைக்கூடமாக்கியபோது அந்தச் செங்கல்லையே வெப்பத்தைத் தேக்கிவைக்கப் பயன்படுத்தினார். காற்றை மண்ணுக்கடியில் ஓடும் நடைபாதையில் குளிரவைத்து, கண்ணாடிக் கூடத்தில் வெயிலில் சூடாக்கி, பழைய புகைபோக்கியால் மேலே இழுக்கிறார், ஏ.சி. கிடையாது. நான் போனது நல்ல வெயில் காலம், முதல் நடைபாதையில் நுழைந்ததுமே குளிர்ச்சி கழுத்தில் தெரிந்தது.

அந்த நடைபாதையில் கலைஞர் யுகினோரி யனாகியின் ஒரு வேலை இருக்கிறது. இருட்டில் தூரத்தில் ஒரு சதுர வானம் தெரிகிறது, அதை நோக்கி நேராக நடக்கிறோம் என்று நினைத்தால் வழி ஒவ்வொரு மூலையிலும் திரும்புகிறது, திருப்பத்துக்குத் திருப்பம் கண்ணாடி வைத்து அந்த ஒரே சதுரத்தைக் கடத்திக் கடத்திக் கொண்டுவருகிறார். திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் எரியும் சூரியனின் படம். நூறு வருடத்துக்கு முன் உலை எரிந்த இடத்தில் இப்படி ஒன்று. அடுத்த அறைகளில் புகழ்பெற்ற ஒரு ஜப்பானிய எழுத்தாளர் டோக்கியோவில் வாழ்ந்த வீட்டின் கதவுகளும் ஜன்னல்களும் அந்தரத்தில் தொங்குகின்றன. அதன் அரசியலை முழுதாகப் பிடிக்க ஜப்பானிய வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் காற்றும் கண்ணாடியும் யாருக்கும் புரியும்.

போக நினைப்பவர்களுக்கு: சிச்சு, டெஷிமா இரண்டுக்கும் ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறை நாள் தீவுக்குத் தீவு மாறும், அதைப் பார்த்துவிட்டே அறை போடுங்கள், நாங்கள் தங்கிய இடத்தில் கொடுத்த படகு அட்டவணை பழைய சீசனுடையது, துறைமுகத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்புங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செட்டோஉச்சி கலைவிழா நடக்கும், புதிய படைப்புகள் நிறைய, கூட்டமும் அப்படியே, துளியைப் பின்தொடர்ந்து படுத்துக்கிடக்கவெல்லாம் இடம் இருக்காது. டெஷிமாவில் மேடு அதிகம், எலெக்ட்ரிக் சைக்கிள் எடுங்கள். உள்ளே பெரும்பாலான இடங்களில் படமெடுக்க விடமாட்டார்கள். மினாமிதேராவுக்கு உச்சி வெயிலில் போகும்படி நேரம் கேளுங்கள், கண் தேற இன்னும் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அதுதான் வேண்டும்.