முதலாளியின் கேமராவும் என் விசாவும்

மேற்கு சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் தமிழ் முகங்களுக்கும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. அங்கே ஒரு கடைக்குத்தான் 482 விசாவில், அதாவது முதலாளி ஸ்பான்சர் செய்து எடுக்கும் வேலை விசாவில், தோசை மாஸ்டராக வந்து சேர்ந்தேன்.

முதலாளியும் தமிழர்தான். விமான நிலையத்துக்கே வந்து கூட்டிப்போய்ச் சில நாள் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். "நம்ம ஊர்ப் பையன்" என்று எல்லோரிடமும் சொன்னார். அந்தப் பாசம் பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் வேலையில் சேர்ந்ததும் ஆள் மாறிவிட்டார். தோசைக்கல்லுக்கு நேர் மேலே ஒரு கேமரா. அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார், சமையலறை போன் அடித்துக்கொண்டே இருக்கும். "சட்னி ஏன் ரெண்டு கரண்டி போகுது?" "நெய்யைச் சுத்தி விடாதே, நடுவுல மட்டும் விடு." "டாய்லெட் போனவன் இன்னும் வரலையா?" எதிரே ஆர்டர் எழுதிய டாக்கெட் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும். மாவுக் கையோடு போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். எடுக்காவிட்டால் இரவு அதற்குத் தனி விசாரணை.

ஜூலையில் அந்தப் பக்கம் இரவுக் குளிர் சில நாள் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும். வெளியே வைத்தால் மாவு புளிக்காது. ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால், அந்தச் சின்னச் சூட்டிலேயே விடிவதற்குள் பொங்கி நிற்கும். அப்படித்தான் வைத்துவிட்டுப் போனேன். ராத்திரி கேமராவில் வெளிச்சத்தைப் பார்த்தவர், கரண்ட் வீணாகிறது என்று காரெடுத்து வந்து அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் மாவு ஊற்றிவைத்த மட்டத்திலேயே கிடந்தது. இட்லி எழும்பவில்லை. "ஊர்ல என்னத்தைடா மாவாட்டினே?" என்று சப்ளை செய்கிற பிள்ளைகள் முன்னால் கேட்டார். மறுநாள் உளுந்து இத்தனை கிராம், தண்ணீர் இத்தனை மில்லி, புளிக்க இத்தனை மணி நேரம் என்று ஒரு தாள் சுவரில் ஏறியது. வெயிலுக்கும் குளிருக்கும் அதே கணக்கு. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மதுரையில் மீசை முளைக்கும் முன்பே கல்லுக்கு முன்னால் நின்றவன் நான். விரலை விட்டாலே மாவின் பதம் தெரியும். அந்தக் கையையே சந்தேகப்படும்படி ஆகிவிட்டேன். உப்புப் போட்டோமா என்று திரும்பத் திரும்ப ருசி பார்ப்பேன். லீவு நாளில் போன் அடித்தாலும் வயிற்றைப் பிசையும். வேலைக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகவில்லை.

வீட்டில் சொன்னால், "பி.ஆர். வர்ற வரைக்கும் பொறுத்துக்கப்பா" என்பார்கள். பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, நாமினேஷன் போட வேண்டியவர் முதலாளிதான் என்பது அவருக்கும் தெரியும். எந்தப் பேச்சையும், "ஒரு மெயில் போட்டேன்னா அடுத்த பிளைட்டுல நீ ஊருக்கு" என்று முடிப்பார்.

அது உண்மையில்லை என்று எனக்குச் சொன்னவன் பாத்திரம் கழுவ வந்த நேபாளி மாணவன். 131450 என்ற எண்ணுக்கு அடித்து "தமிழ்" என்றால் மொழிபெயர்ப்பாளர் வருவார். அவர் மூலமாக, வேலை செய்கிறவர்களின் உரிமைகளைப் பார்க்கிற அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனிடம் பேசலாம். பேசினேன். பிறகு விசா விதிகளையும் தேடிப் படித்தேன். ஸ்பான்சர் செய்தவர் தன் ஆதரவை விலக்கிக்கொள்ளலாம். விசாவை ரத்து செய்கிற அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு. 2024 ஜூலை 1 முதல், வேலையை விட்டவருக்குப் புது ஸ்பான்சர் தேட ஒரே மூச்சில் 180 நாள், விசாக் காலம் முழுவதும் சேர்த்து 365 நாள் வரை அவகாசம். முன்பு 60 நாள்தான் இருந்தது. அந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலையும் பார்க்கலாம். விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதும் அதே நாளிலிருந்து குற்றம்.

கேமரா வைப்பது தப்பில்லை. ஆனால் சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, 14 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கண்காணிப்பு உண்டு என்று வாசலில் போர்டும் இருக்க வேண்டும். எங்கள் கடையில் இரண்டும் இல்லை. வேலையிடக் கொடுமையை நிறுத்தச் சொல்லி, வேலைத் தகராறுகளை விசாரிக்கிற ஃபேர் வொர்க் கமிஷனிடம் உத்தரவும் கேட்கலாம். அது அதே இடத்தில் தொடர்ந்து வேலை செய்கிறவருக்குத்தான். எனக்கு அங்கே நிற்கவே மனமில்லை. சம்பளச் சீட்டு, ரோஸ்டர், அவர் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் ராஜினாமா கொடுத்தேன். கத்தினார். மெயிலும் போட்டிருப்பார். எந்த பிளைட்டிலும் என்னை யாரும் ஏற்றவில்லை.

இப்போது கான்பெராவில் இருக்கிறேன். குளிர்கால இரவில் பூஜ்யத்துக்கும் கீழே போகிற ஊர். "மாவை எங்க வெச்சா உங்களுக்கு வசதி, மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு முதலாளியம்மா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேமரா இங்கேயும் உண்டு, கல்லாவுக்கு மேலே.

பழைய கடைக்கு இப்போது தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்திருக்கிறார். யாரிடமோ என் நம்பரை வாங்கிப் பேசினார். அதே கல், அதே போன். "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிடறேன்ணே" என்கிறார். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, 131450ஐ எழுதி அனுப்பினேன். சம்பளச் சீட்டு ஒன்றையும் தொலைத்துவிடாதே என்றும் சொல்லியிருக்கிறேன்.