இப்போதைக்கு மருந்து வேண்டாம்

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், பாசிட்டிவ் என்று ஒருவரிடம் சொல்வதற்குத்தான் ரொம்பப் பயந்தேன். மூன்று வெவ்வேறு கிட்டுகளில் பரிசோதித்து, மூன்றிலும் அப்படியே வந்தால்தான் சொல்வோம். கேட்டதும் சிலர் அழுவார்கள். சிலர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்கள். நாளாக ஆக அது பழகியது. கடைசிவரை பழகாதது வேறு ஒரு பேச்சு.

"சி.டி.4 நல்லா இருக்கு. இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், எச்.ஐ.வி. வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். நாடு முழுக்கவே எட்டு அரசு மருத்துவமனைகள்தான். தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று. நோயை எதிர்க்கும் சி.டி.4 செல்கள் 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்பது விதி. பிறகு அது 350 ஆனது. நான் சேர்ந்தது அந்த 350 காலத்தில். பழைய மாத்திரைகளுக்குப் பக்கவிளைவு அதிகம், வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிடவும் வேண்டும். அதனால் காரணம் எனக்குப் புரிந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் காதில் "மருந்து வேண்டாம்" என்பது "பெரிசா ஒண்ணுமில்லை" என்றுதான் விழும்.

கொத்தனார் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வந்தார். சி.டி.4 412. முகம் தெளிந்துதான் கிளம்பிப் போனார். ஆறு மாதம் ஆகியும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. கொடுத்திருந்த முகவரியில் அப்படி ஒருவரே இல்லை.

பொய் முகவரி கொடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மருத்துவமனையில், கேஸ் ஷீட்டின் மேல் எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் எழுதி, வார்டு முழுக்கத் தெரியும்படி கட்டிலில் மாட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்மதமில்லாமல் இப்படி வெளிப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில்தான்.

2017இல் விதி மாறியது. பாசிட்டிவ் என்றால், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து. அன்று நான் பட்ட நிம்மதி கொஞ்ச நஞ்சமல்ல. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஆக, சிகிச்சையே தடுப்பும்தான். இது தெரிந்த பிறகு, ஆறு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பிய ஒவ்வொருவரும் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த அண்ணனும் அடுத்த வருஷம் வந்தார், காசநோயோடு. மனைவியையும் பரிசோதித்தோம். அவருக்கும் பாசிட்டிவ். முதலில் காசநோய் மருந்து, இரண்டு வாரத்தில் ஏ.ஆர்.டி. ஒரு வருஷத்தில் இருவருமே தேறினார்கள். ஒருநாள் மாத்திரை டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கே குடுத்திருக்கலாமே மேடம்?"

விதியை விளக்க வாய் வந்தது. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"குடுத்திருக்கணும் அண்ணா" என்றேன்.